உங்கள் டயர் எந்த வாரத்தில் பிறந்தது?

சென்ற இதழில் பெரிய மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டுவண்டிகளைப் பற்றி எழுதும்போது, "டயர் மாற்றும் நேரம் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எடையும் போட்டு அனுப்புங்கள்" என்று போகிற போக்கில் சொல்லி வைத்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. முப்பது வருஷம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் கழற்றி மாட்டிய கை இது. இப்போது நானே ஒரு வீட்டுவண்டி வைத்திருப்பதால் கடைக்காரர் பாடும் தெரியும், காசு கொடுப்பவர் பாடும் தெரியும். நீளமான கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்களுடையது பதினோரு மீட்டர் மோட்டார்ஹோம். முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஆக ஆறு டயர். அளவு 295/80ஆர்22.5, அதன் பக்கத்தில் 152/148எம் என்று இருக்கிறது. வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதிகம் ஓடவில்லை, பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) நல்ல ஆழம். பக்கவாட்டில் மட்டும் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். தேதி எண் 1716. எல்லாச் சாமானும் ஏற்றி, தண்ணீரும் டீசலும் நிரப்பி, நாங்களும் உட்கார்ந்து எடை போட்டோம். முன் இடது 3,420 கிலோ, முன் வலது 3,060. பின் இடது ஜோடி 5,380, பின் வலது ஜோடி 4,940. டயரை மாற்றியே ஆக வேண்டுமா? மாற்றினால் எதை வாங்குவது? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, முதலில் ஒரு கும்பிடு. நான்கு மூலையையும் தனித்தனியாக எடை போட்டு அனுப்பியவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற எல்லோரும் "எந்த கம்பெனி டயர் நல்லது?" என்று கேட்டிருக்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

1716 என்றால் 2016ஆம் வருஷம் 17ஆவது வாரம், அதாவது ஏப்ரல் கடைசி. ஒன்பது வயது தாண்டிவிட்டது. மாற்றுங்கள், பட்டனைப் பார்த்து ஏமாற வேண்டாம். லாரி டயர் தேய்ந்து சாகும், வீட்டுவண்டி டயர் நின்று நின்றே சாகும். ரப்பரோடு சில மெழுகுகளையும் மருந்துகளையும் சேர்த்துத்தான் டயர் செய்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து கொடுக்கக் கொடுக்க அவை மெல்ல மேலே கசிந்து, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைக் கடிக்காமல் காக்கும். வருஷத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் நிற்கிற வண்டியில் அந்தக் கசிவு நடப்பதில்லை. அதோடு உள்ளே அழுத்தத்தில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜன் ரப்பருக்குள் ஊறி, கம்பிப் படலங்களுக்கு நடுவே இருக்கும் ரப்பரை இறுக வைக்கிறது. அது வெளியே தெரியவே தெரியாது. ஐந்து வருஷம் ஆனதிலிருந்து ஆண்டுக்கொரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் பத்தாவது வருஷம் ஸ்டெப்னி உட்பட மாற்றுங்கள் என்பது மிஷலின் கம்பெனியின் அறிவுரை. என் சொந்தக் கணக்கு இன்னும் கறாரானது. முன் டயருக்கு ஏழு வருஷத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

இந்தக் கறார் சும்மா வரவில்லை. என்னுடைய முதல் வீட்டுவண்டியை வாங்கும்போது டயர்கள் பளபளவென்று கறுத்து மின்னின. யாரோ பாலிஷ் போட்டிருந்தார்கள். நகத்தை வைத்துப் பட்டன் ஆழம் பார்த்தேன், திருப்தியாகத் தலையாட்டினேன். டயர்க்காரன் நான்! நாலாவது பயணத்தில், உச்சி வெயிலில், பின்பக்கம் உள் டயர் போனது. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ கதவை அறைந்து சாத்தியது மாதிரி ஒரு 'டப்'. இறங்கிப் பார்த்தால், கழன்ற பட்டை சாட்டையாகச் சுழன்று, குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாயைப் பெயர்த்து, பின்விளக்கு ஒயர்களை அறுத்து, மேலே அலமாரியின் அடிப்பலகையையே கிழித்திருந்தது. செருப்பு வைக்கும் அலமாரி அது. ஒற்றைச் செருப்பு சாலையோரம் கிடந்தது. பிறகு டார்ச்சோடு மல்லாந்து படுத்து ஊர்ந்து போய்ப் பார்த்தேன். அந்த டயருக்குப் பதினோரு வயது. தேதியோடு சேர்ந்த முழு எண்ணும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தாக வேண்டும், அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டியிருந்தது. அடுத்தவன் வண்டிக்கெல்லாம் கீழே படுத்துப் பார்க்கிற நான் என் வண்டிக்குப் படுக்கவில்லை.

அதனால் ஐயா, நீங்கள் படித்த 1716 ஒரு டயரில் படித்ததா, ஆறிலும் படித்ததா? டி.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அவை. ஆறையும் பார்த்துவிடுங்கள், ஸ்டெப்னி இருந்தால் அதையும்.

இனி உங்கள் எடைக்கு வருவோம். 152/148 என்பதில் முதல் எண் டயர் தனியாக ஓடும்போது, இரண்டாவது ஜோடியாக ஓடும்போது. 152 என்றால் 3,550 கிலோ, 148 என்றால் 3,150 கிலோ. ஜோடியில் ஏன் குறைவு என்றால், இரண்டும் சுமையைச் சரிபாதியாகப் பங்கு போடுவதே இல்லை. சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும், ஒன்றில் காற்று கொஞ்சம் குறையும், மற்றது கூடுதலாகச் சுமக்கும்.

பின்பக்கம் உங்களுக்குக் கவலையில்லை. ஜோடிக்கு 6,300 கிலோ தாங்கும், உங்கள் கனமான பக்கம் 5,380. முன்பக்கம்தான் இடிக்கிறது. இடது முன் டயரில் 3,420 ஏறி உட்கார்ந்திருக்கிறது, மிச்சம் வெறும் 130 கிலோ. ஒரு விருந்தாளி குடும்பம் ஏறினால் தீர்ந்தது. முன் ஆக்ஸிலை (இரண்டு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சை) மொத்தமாக மட்டும் எடை போட்டிருந்தால் 6,480 கிலோ, பாதி 3,240, 'ஏகப்பட்ட மிச்சம்' என்று தோன்றியிருக்கும். சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், வெளியே தள்ளும் அறை எல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அமைந்துவிடும். மூலைக்கு மூலை எடை போடச் சொல்வது இதற்காகத்தான்.

அதே 295/80ஆர்22.5 அளவிலேயே 154/149 என்ற ரகமும் உண்டு. 154 என்றால் 3,750 கிலோ. முன்னுக்கு 330 கிலோ மிச்சம் கிடைக்கும், நிம்மதியாக ஓட்டலாம். ஆறுக்கும் அதையே வாங்குங்கள். ஆனால் பணம் கட்டும் முன் ரிம்மைப் பாருங்கள். ரிம்மிலேயே அது தாங்கும் எடையும் காற்றழுத்தமும் பொறித்திருக்கும். கூடுதல் சுமைக்கான டயர் கூடுதல் காற்று கேட்கும், அந்தக் காற்றை உங்கள் ரிம் தாங்க வேண்டும். இன்னொன்று, வலுவான டயர் போட்டதால் ஆக்ஸிலுக்கு வலு ஏறிவிடாது. வண்டியின் தகட்டில் முன் ஆக்ஸிலுக்கு என்ன வரம்பு எழுதியிருக்கிறதோ அதுதான் வரம்பு. உங்கள் 6,480 அதற்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வராவிட்டால் டயர் பேச்சை நிறுத்திவிட்டுச் சாமானைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியதுதான்.

ரகம் என்று கேட்டால், எல்லா ஆக்ஸிலுக்கும் பொருந்தும், நீளவாக்கில் வரிகள் ஓடும் டயர் போதும். பின்னால் முரட்டுக் கட்டை கட்டையாகப் பட்டன் போட்ட டயர் மாட்டச் சொல்வார்கள். அது சேற்றிலும் பனியிலும் இறங்கும் லாரிக்கு. உங்களுக்கு இரைச்சல்தான் மிஞ்சும். சுமை எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தையும் விடாதீர்கள். ஜே என்றால் 100, கே 110, எல் 120, எம் 130 கிலோமீட்டர் வேகம் வரை. நகரப் பேருந்துக்கென்று செய்த டயர்கள் மலிவாகக் கிடைக்கும், எழுத்தைப் படித்தால் வேகம் மட்டுப்பட்டிருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது.

மாட்டிய பிறகு காற்று எவ்வளவு? டயரின் மேல் எழுதியிருப்பது அதன் முழுச் சுமைக்கான காற்று. உங்கள் எடைக்கு எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் காற்று அட்டவணையில் இருக்கும். ஆக்ஸிலின் கனமான பக்கத்து எடையை அதில் வைத்துப் பார்த்து, வருகிற அளவை இரண்டு பக்கமும் ஒன்றுபோல வையுங்கள். இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று வைத்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும். காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 2 சதவீதம் ஏறும். ஓடும்போது ஏறத்தான் செய்யும், பயந்துபோய் நடுவழியில் காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

கடையில் 295 இல்லை, 315/80 தயாராக இருக்கிறது, "இன்னும் நல்லதுதானே சார், பெருசு" என்கிறார்கள். போடலாமா?

பெரிய செருப்பு நல்ல செருப்பா தம்பி?

கணக்குப் போடுவோம். 295/80 என்றால் அகலம் 295 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், 236. மேலும் கீழும் சேர்த்து 472. ரிம் 22.5 அங்குலம், அது 571.5. கூட்டினால் 1,043 மில்லிமீட்டர் சொச்சம். அதே கணக்கில் 315/80 போட்டால் 1,075 வரும். மூன்று சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 103இல் போவீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே எதிலாவது உரசுமா? ரிம்மின் அகலம் 8.25 அங்குலமா, 9 அங்குலமா?

பின்னால் இன்னும் சிக்கல். ஜோடி டயர்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும். சுமை ஏறியதும் தரையோடு ஒட்டும் இடத்தில் டயரின் கன்னம் உப்பும். அகலமான டயர் போட்டால் இரண்டு கன்னமும் ஒன்றையொன்று தேய்த்துச் சூடாகி, உள்ளிருந்தே கிழியும். ஜோடிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒவ்வொரு அளவுக்கும் அட்டவணையில் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ரிம்மில் அந்த இடைவெளி கிடைக்குமா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க மறுத்தால் வேறு கடை பாருங்கள். காத்திருந்து 295 வாங்குவது மேல்.

அது ஏன் 22.5? அரை அங்குலம் எதற்கு? (பள்ளி மாணவி, அப்பாவின் வண்டியைப் பார்த்துக் கேட்கிறார்)

நல்ல கண்ணம்மா உனக்கு. ட்யூப் போட்ட பழைய கனரக டயர்கள் 20 அங்குல ரிம்மில் ஓடின. ட்யூப்லெஸ் வந்தபோது, டயரின் ஓரம் ரிம்மில் காற்றுப் புகாமல் இறுகி உட்கார 15 டிகிரி சரிவு கொடுத்தார்கள். அந்தச் சரிவுள்ள கனரக ரிம்கள் 17.5, 19.5, 22.5 என்று அரையில் முடியும். பழைய 20 அங்குல ட்யூப் டயரின் இடத்தில் 22.5 அங்குல ட்யூப்லெஸ் வந்து உட்கார்ந்தது. வெளிச்சுற்று ஏறக்குறைய அதேதான், ரிம் மட்டும் பெரிது. அப்பாவிடம் சொல்: அரை அங்குலம்தானே என்று வேறு அளவு டயரை அடித்து ஏற்ற நினைக்கவே கூடாது, காற்று பிடிக்கும்போது வெடித்து ஆளைக் கொல்லும்.

பணம் முடை. இப்போதைக்கு முன் இரண்டும், பின்னால் வெளி டயர் இரண்டும் மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? உள் டயர் யார் கண்ணுக்கும் தெரியாது!

தெரியாது, அதுதான் ஆபத்தே. முன் இரண்டையும் மாற்றுங்கள், சரி. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். பின்னால் மாற்றுவதானால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பாதி புதுசு பாதி பழசு கூடாது.

காரணம் சொல்கிறேன். புது டயரில் பட்டன் 16 மில்லிமீட்டர், பழையதில் 10 என்று வையுங்கள். வித்தியாசம் ஆறு, விட்டத்தில் பன்னிரண்டு. சுற்றளவில் கிட்டத்தட்ட 38 மில்லிமீட்டர். 295/80 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 305 தடவை சுற்றும். இரண்டும் ஒரே ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) முடுக்கியவை, ஒன்று வேகமாக இன்னொன்று மெதுவாகச் சுற்ற வழியில்லை. ஆக ஒரு கிலோமீட்டருக்குப் பதினொன்றரை மீட்டர் தூரம் ஏதோ ஒரு டயர் சாலையில் உரசிக்கொண்டே போயாக வேண்டும். உயரமான புது டயர் சுமையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும், பழையது தேய்ந்து தேய்ந்து ஒப்பேற்றும்.

முன் இரண்டும் இப்போது, பின் நான்கும் சில மாதம் கழித்து. அதுவரை வண்டி நிற்கட்டும். நிற்கும்போது சக்கரங்களை வெயில் படாமல் மூடுங்கள். சமன் செய்யப் பலகை வைத்தால் டயர் முழுசாகப் பலகை மேல் நிற்க வேண்டும், ஜோடியில் ஒன்று பலகையிலும் ஒன்று அந்தரத்திலும் நிற்கக் கூடாது. பாலிஷ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடித்தால் கெடுதல் இல்லை. அந்தக் காசுக்குக் காற்றழுத்தம் அளக்கும் நல்ல கேஜ் ஒன்று வாங்குங்கள், கனரக வண்டிக்கானது, 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை காட்டுவது. கார் கேஜ் 120இல் நாக்கைத் தள்ளிவிடும்.

புது டயர் என்று ஆறு டயர் கொண்டுவந்து இறக்கினார்கள். நான்கில் ஒரே தேதி, இரண்டில் மூன்று வருஷம் முந்தைய தேதி. வாங்கிக்கொள்ளலாமா?

மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள் அம்மா. உங்கள் டயரின் ஆயுள் தேய்மானத்தில் அல்ல, வயதில் போகிறது. மூன்று வருஷம் பழையது என்றால் பாதி ஆயுளுக்கு நெருக்கமாகக் கடையிலேயே செலவழிந்துவிட்டது, விலை மட்டும் முழுசு. ஆர்டர் கொடுக்கும்போதே "ஒரு வருஷத்துக்கு மேல் பழையது எடுக்க மாட்டேன்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாட்டும்போது தேதிப் பக்கம் வெளியே பார்க்கும்படி மாட்டச் சொல்லுங்கள். உள் டயருக்கு அது உதவாது, அதனால் மாட்டுவதற்கு முன் ஆறின் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வால்வுகளையும் கையோடு புதுசாக, உலோகத்தில் போடச் சொல்லுங்கள். உள் டயருக்குக் காற்றுப் பிடிக்க நீட்டியிருக்கும் ரப்பர் குழாய்தான் பல வண்டிகளில் காற்றை ஒழுக விடுகிற திருடன்.

வீடு வந்து சேர்ந்த கையோடு கதை முடியவில்லை. 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்பவும் முடுக்கிப் பார்க்க வேண்டும், உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று அடிப்பது முடுக்கு அல்ல.

ஓடும்போது முன் டயர் வெடித்தால் என்ன செய்வது?

பிரேக்கைத் தொடாதீர்கள். கால் தானாக அங்கேதான் போகும், போகவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் அழுத்துங்கள், வண்டி நேராக இழுக்கப்படும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேர்கோட்டில் வைத்து, வண்டி வசத்துக்கு வந்ததும் மெல்ல மெல்லக் காலை எடுத்து, தானாக வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள். வண்டியில் உட்கார்ந்து, நிறுத்திய நிலையில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பத்து முறை பழகுங்கள். நான் பழகினேன். வீட்டில் சிரித்தார்கள்.

என் கணவர் ஒவ்வொரு நாள் காலையிலும் சுத்தியலால் டயரைத் தட்டி, சத்தம் கேட்டு, "காத்து சரியா இருக்கு" என்கிறார். கேஜ் எதற்கு என்று கேட்டால், "முப்பது வருஷம் லாரிக்காரங்க இப்படித்தான்" என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

அம்மா, அந்த லாரிக்காரர்களில் பல பேருக்கு டயர் மாட்டியவன் நான். சுத்தியல் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: ஒரு டயர் அடியோடு இறங்கிக் கிடக்கிறதா இல்லையா. 110 இருக்க வேண்டிய இடத்தில் 85 இருந்தால் அதற்கும் 'டங்', இதற்கும் 'டங்'தான். சந்தேகமென்றால் ஒரு சோதனை வையுங்கள். அவருக்குத் தெரியாமல் பின்பக்க டயர் ஒன்றில் இருபது, இருபத்தைந்து பிஎஸ்ஐ குறைத்துவிட்டு, எது என்று தட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது மட்டும். சோதனை முடிந்ததும் காற்றை நிரப்பிவிடுங்கள்.

விளையாட்டு இல்லை இது. தேவையான அழுத்தத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்து ஓடிய டயரை, காற்றில்லாமல் ஓடிய டயராகவே எங்கள் தொழிலில் கணக்கில் எடுப்போம். ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி காற்றுப் பிடிக்க மாட்டோம். பக்கவாட்டில் இருக்கும் எஃகு இழைகள் வளைந்து வளைந்து ஒவ்வொன்றாக அறுந்திருக்கும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. காற்று ஏற ஏற, பையின் ஜிப்பைத் திறந்தது மாதிரி வரிசையாகப் பிளந்து வெடிக்கும். அதனால்தான் கடையில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றுப் பிடிக்கிறோம். கூண்டில்லாமல் குனிந்து பிடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இடது காது இன்றும் கேட்காது.

கேஜ் வாங்கிக் கொடுங்கள். வால்வில் திருகி வைக்கும் சென்சாரும் கிடைக்கிறது, டேஷ்போர்டிலேயே ஆறு டயரின் காற்றும் சூடும் தெரியும், அதை அவர் கையாலேயே மாட்டச் சொன்னால் கௌரவமும் குறையாது. சுத்தியலைத் தூக்கி எறிய வேண்டாம். வண்டிக்கு வெளியே நிழல் துணி கட்ட முளை அடிக்க ஆகும்.